எச்சவும்மை

ஒன்பது நாற்பதுக்கு மாரண்டஅள்ளி கடைசி பஸ்.
பத்து மணிக்குத் திம்மராயன் மெயினை இறக்கிவிடுவார்.
கீழே அவருடைய டயர்க்கடை, மேலே நாங்கள்,
இரண்டுக்கும் ஒரே மீட்டர்.

கணக்கு முடிய முப்பத்தொரு மணி நேரம்.
ஆயிரத்து நூற்று நாற்பது போர்வெல்,
இண்டூர், நல்லம்பள்ளி, காரிமங்கலம்,
தண்ணீரில் ஃப்ளோரைடு கோடையில் எவ்வளவு,
ஐப்பசியில் எவ்வளவு.
என் முன்பல்லின் பழுப்புக்கு
அதில் தனி வரிசை கிடையாது.

கணக்குப் போடும் மெஷின் சென்னையில்.
நான் பார்த்ததில்லை.
குளிர் அறையில் இருக்குமாம்.

செவ்வாய் இரவு லேப்டாப்பை மூடிவிட்டுப் போனேன்.
காலையில் வந்தால்
பதினெட்டாவது நிமிடத்தோடு எல்லாம் நின்றிருந்தது.
புதன் இரவு திறந்தே வைத்தேன்,
பத்து மணிக்கு மோடம் அணைந்தது.
கம்பியின் அந்தப் பக்கம் யாரோ சொல்கிறார்கள்:
அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.
கேட்டதும் நான் தொடங்கிய வேலைகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகின்றன.
அத்தனை விசுவாசம்
எனக்கு வேண்டியதில்லை.

வியாழன், கட்டளைக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தேன்.
நோஹப்.
வைத்துவிட்டாள் என்பார்கள், காதில் வாங்காதே.
வரியின் கடைசியில் ஓர் உம்மைக்குறி,
அதற்குப் பின்னால் வெறும் இடம்.
எட்டாம் வகுப்பில்
எச்சவும்மைக்கு உதாரணம் கேட்டபோது
எழுந்து நின்று விழித்தவள் நான்.
இப்போது கேட்டால் சொல்வேன்:
சொல்லாமல் விட்டது
எங்கோ நடந்துகொண்டிருக்கிறது
என்று பொருள்.

எக்ஸிட் என்று அடித்தேன். விட்டது.
பாலக்கோடு தாண்டும்போது
மெயின் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன்,
பிறகு நினைக்கவில்லை.
ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை
ஆயிரத்து நூற்று நாற்பது வரியும் இருந்தன.
அதிகாலை நான்கு இருபதுக்கு
யாரையும் எழுப்பாமல் முடிந்திருக்கிறது.

சந்தோஷத்தில்,
இன்னும் யாராவது ஓடுகிறார்களா என்று பட்டியல் கேட்டேன்.
ஒன்று இருந்தது.
எங்கள் மூவருக்கும் ஒரே லாகின்,
ஆனால் இது என்னுடையதில்லை.
பொங்கலோடு ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்ட
சகாயமேரி தொடங்கியது.
நாற்பத்தொரு நாளாக ஓடுகிறது.
தாய் ப்ராசஸ்: எண் ஒன்று.

பெற்றது போய்விட்டால்
மிஞ்சியதை ஒன்றாம் எண் எடுத்துக்கொள்ளும்.
அங்கே அதுதான் சட்டம்.
மனு, சாதிச் சான்றிதழ், வார்டு மெம்பர் கையெழுத்து
எதுவும் கேட்காது.

நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுந்து
பென்னாகரம் ஃபைல் வந்துவிட்டதா என்று பார்க்கிறது.
ஏரியூர் ரோட்டில் ஜீப் அச்சு முறிந்து
பாட்டில்கள் உடைந்தது கார்த்திகையில்.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.
அதற்கு யார் சொல்வது?
பார்த்துவிட்டு, மேரியின் இங்கிலீஷ் எழுத்துத் தமிழில்
ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி படுக்கிறது.
இன்னும் வரல.
இன்னும் வரல.
ஐம்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் வரிகள்.

மேரிக்கு ஃபோன் போட்டேன்.
ஷிஃப்ட் இடைவேளை, பின்னால் பிரஸ் மெஷின் அடிக்கிற சத்தம்.
அதை நிறுத்திடட்டுமா?
"எதை?" என்றாள்.

ஒன்பது போட்டால் அந்த நொடியே தீர்ந்துவிடும்.
பதினைந்து போட்டேன்.
கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் போகட்டும்.
கடைசி வரியும் அதேதான், இன்னும் வரல,
பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

அலமாரியில் காலி பாட்டில் பதினொன்று இருந்தன.
இரண்டுக்கு மூடி இல்லை.
பென்னாகரத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று
டயர்க்கடையில் கேட்டேன்.